கடை அரசுடையது, பெஞ்சு யாருடையது?

தேர்தல் நெருங்கினால் எங்கள் பாரில் அரசியல் பேச்சும் கூடும், வியாபாரமும் கூடும். மதுவிலக்கு கேட்டு நடந்த கூட்டத்துக்கு வேனில் போய்விட்டு வந்தவர்கள், அங்கே கொடுத்த காசிலேயே எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து குவார்ட்டர் மூடியைத் திருகுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. மூடினால் நல்லதுதான் என்று அவர்கள் சொல்வதும் மனசார, குடிப்பதும் மனசார. என் வருத்தமெல்லாம் மேடையில் பேசுகிறவர்கள் மேல். கடையை மூடு என்று ஒரு தரப்பு, படிப்படியாக மூடுவோம் என்று ஒரு தரப்பு, மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்று ஒரு தரப்பு. எல்லாப் பேச்சும் கடை ஷட்டரோடு நின்றுவிடுகிறது. ஷட்டருக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கதவு இருக்கிறது. வாங்கினவன் அதற்குள் போய் எப்படி உட்காருகிறான், என்ன தின்கிறான், எங்கே ஒன்றுக்குப் போகிறான், அவனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பவன் யார் என்பதைப் பற்றி எந்த டிவி விவாதத்திலும் ஒருவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

தண்ணீர் எடுத்துக் கொடுப்பவன் நான். தருமபுரி நாலு ரோட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்து போகும் தூரத்தில் ஒரு பார். அதற்கு மேல் அடையாளம் சொன்னால் நாளைக்கு வேலை இருக்காது. சொந்த ஊர் நல்லம்பள்ளிப் பக்கம். தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு முடித்தேன். படித்த படிப்புக்கு ஊரில் வேலை இல்லை என்று தெரிந்ததும், இந்த மாவட்டத்துப் பையன்கள் எல்லோரும் ஏறும் அதே பெங்களூர் பஸ்ஸில் ஏறினேன். மெஜஸ்டிக் பக்கம் ஒரு பார் அண்ட் ரெஸ்டாரண்டில் மேஜை துடைப்பதில் தொடங்கி, சப்ளையராகி, கேப்டன் ஆனேன். கொரோனாவில் அந்த இடத்தை மூடினார்கள். ஊர் வந்து சேர்ந்தவனை அப்பாவின் உடம்பு இங்கேயே பிடித்து வைத்துக்கொண்டது. கையில் இருந்தது இந்தத் தொழில் ஒன்றுதான். ஆக, ஓசூருக்கு அந்தப் பக்கம் ஒரு விதமான பாரையும் இந்தப் பக்கம் வேறு விதமான பாரையும் உள்ளிருந்து பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்து பார் எப்படி ஓடுகிறது என்பது குடிக்காதவர்களுக்குத் தெரியாது, குடிக்கிறவர்களிலும் பாதிப் பேருக்குத் தெரியாது. கடை டாஸ்மாக்குடையது. பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுவது. கம்பி வலைக்குள் கையை விட்டுப் பணம் கொடுத்தால் பாட்டில் வரும். பார் டாஸ்மாக்குடையது இல்லை. டெண்டரில் யார் அதிகத் தொகை கேட்டாரோ அவர் எடுத்து நடத்துவது. அவருக்குக் கிடைக்கும் உரிமை இரண்டே இரண்டு: தின்பண்டம் விற்கலாம், காலி பாட்டிலைப் பொறுக்கிக்கொள்ளலாம். ஒரு சொட்டுச் சரக்கை விற்கவோ ஊற்றிக் கொடுக்கவோ அவருக்கு உரிமை கிடையாது. வாடிக்கையாளர் தன் பாட்டிலைத் தானே வாங்கி, தானே கொண்டுவந்து, தானே ஊற்றிக்கொள்கிறார். நாங்கள் டம்ளரும் தண்ணீரும் சைடு டிஷ்ஷும் வைக்கிறோம்.

கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. பெங்களூரில் வேலை பார்த்த எனக்கு முதல் வாரமே இதில் இருக்கும் ஓட்டை கண்ணில் பட்டது. அங்கே சரக்கு எங்கள் கையிலிருந்து போகும். 30 மில்லி அளவுக் குப்பியில் அளந்து ஊற்றி, பில்லில் ஏற்ற வேண்டும். மூன்றாவது மேஜையில் சிவப்புச் சட்டைக்காரர் எத்தனையாவது ரவுண்டில் இருக்கிறார் என்று கேப்டனுக்குத் தெரியும். தெரிந்தால்தான் ஏதாவது செய்ய முடியும். குரல் ஏறுகிறதென்றால் அடுத்த ரவுண்டைத் தாமதமாக அனுப்புவோம். முதலில் சாப்பாட்டை வைத்துவிடுவோம். 'கிச்சன் மூடப் போறாங்க சார், ரொட்டி சொல்லட்டுமா' என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் அதோடு எழுந்துவிடுவார்கள். கர்நாடகத்துக்காரர்கள் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் முதலாளிக்கு லாபம்தான் குறி. ஆனால் எண்ணுகிற ஆள் ஒருவன் இருந்தான். இங்கே எண்ணுகிற ஆளே இல்லை. கம்பி வலைக்குள் இருக்கும் சேல்ஸ்மேனுக்கு, வாங்கியவன் முகம் கூட்டத்தில் தெரியாது. எங்களுக்கு, அவன் இதற்கு முன் எங்கே எவ்வளவு குடித்தான் என்று தெரியாது. தெரிந்தாலும் 'போதும்ணா' என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? அது அவர் காசு கொடுத்து வாங்கிய பாட்டில்.

அதோடு குவார்ட்டர் என்ற அளவு. கடையில் கிடைக்கும் ஆகச் சிறிய பிராந்திப் பாட்டில் 180 மில்லி. விலை குறைந்த ரகமே 2024-ல் 140 ரூபாய் ஆகிவிட்டது. சித்தாள் வேலைக்குப் போய்விட்டு வருகிறவருக்குத் தேவை அதில் பாதிதான், கையில் இருப்பதும் பாதிக்கான காசுதான். எனவே கடை வாசலில் நின்றுகொண்டு ஆள் தேடுவார். 'கட்டிங் போடலாமாண்ணா?' முன்பின் தெரியாத இருவர் 70, 70 போட்டு ஒரு பாட்டில் வாங்கி உள்ளே வருவார்கள். அதைப் பங்கு போடும் நேர்த்தியை எங்கள் பாரில் புதிதாகச் சேரும் பையன்களை நிறுத்திப் பார்க்கச் சொல்வேன். இரண்டு டம்ளரை ஒட்டி வைத்து, குனிந்து, கண்ணை டம்ளர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஊற்றுவார்கள். கடைசிச் சொட்டைப் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டி எடுப்பார்கள். ஊற்றியவர் முதலில் டம்ளரைத் தொடக்கூடாது. மற்றவர் எடுத்த பிறகு மிஞ்சியதுதான் அவருக்கு. பாகப்பிரிவினை வழக்கில் வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு அலையும் அண்ணன் தம்பிகள் இங்கே வந்து பார்க்க வேண்டிய காட்சி.

2023-ல் மதுவிலக்குத் துறை அமைச்சர் சு. முத்துசாமி 90 மில்லி பாக்கெட் பற்றிப் பேசியபோது நாலா பக்கமும் எதிர்ப்பு கிளம்பியது. பள்ளிப் பிள்ளைகள் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார்கள். அந்தப் பயம் நியாயமானது. எல்லைக்கு அந்தப் பக்கத்துக் காகித பாக்கெட் ஒகேனக்கல், பென்னாகரம் வழியாக என்ன பாடு படுத்துகிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அமைச்சர் தொட்டது நிஜமான பிரச்சினையை. துணைக்கு ஆள் கிடைக்காதவர் முழுக் குவார்ட்டரையும் தானே குடித்துவிடுகிறார். மிச்சம் வைத்து மூடி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது, மனைவி பிடித்துவிடுவாள். பாக்கெட்டும் வேண்டாம், முழுப் பாட்டிலும் வேண்டாம் என்றால், அளந்து ஊற்றித் தரும் ஒரு மேஜைதானே வழி? அந்தக் கேள்விக்குத்தான் அன்றைய விவாதம் போகவே இல்லை.

கட்டிங் போடுகிறவர்கள் பெயர் கேட்டுக்கொள்வார்கள். என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள். 'எந்த ஊர்' என்று மட்டும் முதல் டம்ளர் முடியும் வரை கேட்கமாட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் அந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஊரா, காலனியா என்பதுதான் அதற்குள் இருக்கும் கேள்வி. 2012 நவம்பரில் ஒரு காதல் கல்யாணத்துக்காக நத்தம் காலனி எரிந்த மாவட்டம் இது. ஒரே பாட்டிலைப் பகிர்ந்துகொண்ட இருவரும் தகரக் கதவைத் தாண்டினால் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறார்கள், நாளைக்கு டீக்கடையில் பார்த்தால் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வதுகூட இல்லை. ஆகவே சாராயம் சாதியை ஒழிக்கும் என்ற கதையை நான் நம்பவில்லை. ஆனாலும் அந்த அரை மணி நேரம் இருக்கிறது. அதை நான் பார்க்கிறேன்.

யார் வருகிறார்கள் என்று கேட்டால், கொத்தனார், பெயின்டர், லோடுமேன், லாரி கிளீனர், பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு போட வந்த விவசாயி, பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றி அனுப்பிவிட்டு வந்தவர். தக்காளி விலையைத் தெரிந்துகொள்ள நான் செய்தித்தாள் பார்க்க வேண்டியதில்லை. விலை விழுந்த வாரத்தில் அவர்கள் ஊறுகாய் பாக்கெட்டோடு முடித்துக்கொள்வார்கள். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, அதுவரை முட்டையைத் தாண்டாதவர்கள் சில்லி சிக்கனும் குடல் வறுவலும் சொன்னார்கள். சனிக்கிழமை கூலி நாள், உட்கார இடம் இருக்காது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெங்களூர், திருப்பூர், கேரளா என்று போனவர்கள் எல்லாம் திரும்பி வருவார்கள். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போகிறவர்கள் போகும் வழியில் ஒரு முறை, வரும் வழியில் ஒரு முறை. ஏழரை, எட்டு மணிக்கு செல்போன்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடிக்கத் தொடங்கும். எங்கள் பாரில் அந்த நேரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரும் உண்மையில் தருமபுரியில் இல்லை. எல்லோரும் பஸ்ஸில். 'தொப்பூர் தாண்டிட்டன், டிராபிக்கு, வந்துட்டே இருக்கறன்.' தொப்பூர் கணவாயில் விபத்து நடந்து வண்டிகள் நிற்பது எங்கள் பக்கம் சகஜம் என்பதால் அந்தப் பொய்க்கு ஒரு மதிப்பு உண்டு. ஒருவர் பேசும்போது பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

இனி அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சொல்கிறேன். மேலே தகரக் கூரை, சித்திரை மாதம் இரவு ஒன்பது மணிக்கும் அனல் இறங்காது. சிமென்ட் பெஞ்சு, காலடியில் எலும்பும் முட்டைத் தோலும் காகிதமும். வெளிச்சத்துக்கு இரண்டு டியூப்லைட், அதில் ஒன்று துடித்துக்கொண்டிருக்கும். கழிப்பறை என்று ஒரு மறைப்பு இருக்கிறது, அதற்குப் போவதை விடச் சுவர் ஓரம் மேல் என்று எல்லோரும் சுவர் ஓரம் போகிறார்கள். பிளாஸ்டிக் டம்ளருக்கும் தண்ணீர் பாக்கெட்டுக்கும் 2019 ஜனவரி முதல் மாநிலத்தில் தடை, பல பார்களில் இன்னமும் அவைதான் ஓடுகின்றன. நான் பார்த்த வேறு ஊர் பார்களும் ஏறக்குறைய இதே லட்சணம்தான். டெண்டர் எடுத்தவரைத் திட்டிப் பிரயோசனமில்லை. அவர் கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் மாதம் பிறந்தால் உரிமத் தொகை கட்ட வேண்டும். அடுத்த டெண்டர் அவருக்கே வரும் என்று உறுதி கிடையாது. டைல்ஸ் போட்டுக் கழிப்பறை கட்டி வைத்தால் நாளை அதை அனுபவிப்பவன் வேறொருவன். எனவே பத்து ரூபாய் முட்டையை இருபதுக்கு விற்று, பெஞ்சு சீக்கிரம் காலியாகிறதா என்று பார்ப்பதுதான் அவருக்குக் கட்டுப்படியாகும் வியாபாரம்.

பெஞ்சு சீக்கிரம் காலியாவது என்பதற்கு அர்த்தம், குடிக்கிறவன் வேகமாகக் குடிப்பது. நின்றுகொண்டே குவார்ட்டரை இரண்டு மடக்கில் இறக்கி, ஊறுகாயை நக்கிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். மொத்தம் எத்தனை நிமிஷம் ஆகும்? ஒரு டீ ஆற்றிக் குடிக்கும் நேரம்கூட ஆகாது. உட்கார்ந்து, தின்று, பேசிக் குடித்தால் இவ்வளவு வேகம் வராது என்று பெங்களூர் அனுபவத்தில் சொல்கிறேன். இருட்டும் நாற்றமும் அவசரத்தை உண்டாக்குகின்றன. அசிங்கமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம், யாராவது பார்ப்பதற்குள் முடித்துவிட்டுப் போக வேண்டும் என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. அசிங்கமாக வைத்திருந்தால் ஆட்கள் குடியை விட்டுவிடுவார்கள் என்று யாராவது நினைத்திருந்தால், இருபது வருஷத்துக்கு மேலாக அது நடக்கவில்லை.

வேலை பார்க்கிறவர்கள் கதை இன்னும் சுருக்கம். எங்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் பெயர் கிடையாது. டாஸ்மாக் ஊழியர்கள் தங்கள் சம்பளத்துக்காகச் சங்கம் வைத்துப் போராடுகிறார்கள், அவர்களுக்கு அடையாள அட்டையாவது உண்டு. சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கு ராத்திரி கணக்கு முடித்ததும் கையில் கூலி. பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. பாட்டில் உடைந்து கை கிழிந்தால் நம் கை, நம் காசு. காலையில் வந்து வாந்தியையும் எச்சிலையும் கழுவிவிட்டுப் போகும் அம்மாவுக்கு எங்களை விடக் குறைவு. அவர் மகனும் குடித்தே போனவன். அதைச் சொல்லி யாரும் அவரிடம் பேசுவதில்லை, அவரும் பேசுவதில்லை. மே தினம் உலர் நாள் என்பதால் கடைக்கும் பாருக்கும் விடுமுறை. உழைப்பாளர் தினத்தன்று எங்களுக்குக் கூலி இல்லை என்பதை ஒரு வேடிக்கைக்காகத்தான் சொல்கிறேன்.

வரலாறு படித்தவன் என்பதால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தியாவில் மதுவிலக்கு முதலில் நடைமுறைக்கு வந்த மண் எங்களுடையது. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அன்று தருமபுரி சேலத்தைச் சேர்ந்தது. தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2-ல். கள்ளுக்கடை, சாராயக்கடை வருமானம் போன பள்ளத்தை நிரப்ப அவர் 1939-ல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இன்றைக்குச் சோப்புக்கும் செருப்புக்கும் நாம் கட்டும் வரிக்கு எங்கள் தாத்தாக்கள் விட்ட கள்ளும் ஒரு காரணம். மதுவிலக்கு போனபோது அந்த வரி திரும்பிப் போகவில்லை. 1971-ல் தளர்த்தினார்கள், பிறகு மூடினார்கள், 1981-ல் திறந்தார்கள், 1983-ல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் வந்தது, 1987-ல் கள் போனது. 2003 நவம்பர் 29-ம் தேதி சில்லறைக் கடையும் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 2003-04-ல் டாஸ்மாக் மூலம் வந்த வரி வருவாய் 3,639 கோடி ரூபாய். 2024-25-ல் 48,344 கோடி. இவ்வளவு கோடியும் கம்பி வலைக்குள் போகிறது. அதிலிருந்து ஒரு கழிப்பறைக் கதவுகூடச் சுவருக்கு இந்தப் பக்கம் வரவில்லை.

அந்த 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம்தான் இன்றும் அமலில் இருக்கிறது. 2022 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் அதே சட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பார் உரிமம் கொடுக்க டாஸ்மாக்குக்கு அதிகாரம் இல்லை, கடைகளை ஒட்டிய பார்களை 6 மாதத்தில் மூட வேண்டும் என்றார். எங்கள் பாரில் அன்று சாயங்காலம் வாடிக்கையாளர்களை விடப் பையன்கள் முகம்தான் வாடிக் கிடந்தது. மேல்முறையீட்டில் அந்த உத்தரவு நின்றுபோனது, பார்களும் தொடர்ந்தன. அந்தத் தீர்ப்பைச் சட்ட ரீதியாக எடை போட எனக்குத் தெரியாது. ஆனால் நீதிபதி கை வைத்த இடம் சரியான இடம். உட்கார வைத்துக் குடிக்க விடும் ஏற்பாட்டை அரசாங்கம் தன்னுடையது என்று முழுதாக ஏற்கவும் இல்லை, இல்லை என்று விடவும் இல்லை.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. கொரோனாவில் கடையைத் திறந்துவிட்டு பார்களை மாதக்கணக்கில் மூடி வைத்திருந்தார்கள். குடித்தவர்கள் எல்லோரும் வீட்டுக்கா போனார்கள்? ஏரிக்கரை, பள்ளிக்கூட மைதானம், அறுத்துவிட்ட ராகிக் காடு, மாந்தோப்பு, கட்டி முடிக்காத வீடு. எங்கள் ஊரில் சாமைக் காட்டுக்கு ஏர் ஓட்டியவர் ஒருவர், கலப்பை முனையில் கல் இடித்ததை விட பாட்டில் உடைந்ததுதான் அதிகம் என்றார். குதிகாலில் கண்ணாடி ஏறி நடக்க முடியாமல் கிடந்த ஆடு மேய்க்கும் பாட்டியை எனக்குத் தெரியும். 2016-ல் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைக் கடைகளை 500 மீட்டர் தள்ளிப் போகச் சொன்னபோதும் இதுவே நடந்தது. சேலம், பெங்களூர் ரோட்டின் மேல் இருந்தவை ஊருக்குள் நகரப் பார்த்தன, பெண்கள் துடைப்பத்தோடு ரோட்டுக்கு வந்தார்கள். 2017-ல் திருப்பூர் சாமளாபுரத்தில் போராடிய பெண்ணை ஒரு போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. எங்கள் தெருவில் கடை வேண்டாம் என்று சொல்லும் பெண்ணிடம் எனக்கு எதிர்வாதம் எதுவும் கிடையாது. அவர் சொல்வதுதான் சரி. என் பேச்சு அவரோடு இல்லை. கடையை வைத்திருப்பது என்று முடிவு செய்து, வருமானத்தையும் வாங்கிக்கொண்டு, அதற்கு அப்புறம் நடப்பது தனக்குச் சம்பந்தமில்லாதது போல இருக்கிறவர்களோடு.

பாட்டில் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் சம்பந்தம் வந்திருக்கிறது. யானைகள் காலில் கண்ணாடி ஏறுகிறது என்று நீதிமன்றம் கேட்டதால் 2022-ல் நீலகிரியில் தொடங்கிய திட்டம் எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைத் தருவார்கள். பார் எடுத்தவர்களுக்குப் பாட்டில் வருமானம் அடிபட்டது, அதில் புலம்பல். எனக்குப் பிடித்த மாற்றம் வேறு. முன்பெல்லாம் டிப்ஸ் என்பதே இல்லாத பாரில், இப்போது எழுந்து போகிறவர் காலி பாட்டிலை என் பக்கம் தள்ளிவிட்டு, 'தம்பி, இத நீ வெச்சுக்க' என்கிறார். காட்டில் உடையும் பாட்டில் குறைந்திருப்பதையும் எங்கள் ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். அரசாங்கம் கை வைத்தால் நடக்கும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

சந்துக்கடையைப் பற்றிச் சொல்லாவிட்டால் எங்கள் பக்கத்துக்காரர்கள் சிரிப்பார்கள். காலை ஆறு மணிக்குக் கை நடுங்குகிறவர்களுக்கும், இரவு பத்துக்கு மேல் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களுக்கும், உலர் நாள்களுக்கும் சந்துக்குள் ஒரு வீட்டில் கூடுதல் விலைக்குக் கிடைக்கும். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மூன்று மாவட்டத்திலும் 'சந்துக்கடையில் மது விற்றவர் கைது' என்ற செய்தி தவறாமல் வரும். கைதாகிறவர் பெரும்பாலும் வேறு பிழைப்பு இல்லாத ஒரு வயசான அம்மா. அந்தச் சரக்கும் டாஸ்மாக் கடையிலிருந்து பகலில் பெட்டியாகப் போனதுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் பக்கம் கள்ளச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். எங்கள் சித்தேரி மலையில் நின்றால் அந்தப் பக்கம் தெரிவது கல்வராயன் மலை. அவர்கள் வாங்கியது குவார்ட்டர் இல்லை, குறைந்த காசுக்குக் கொஞ்சம். கொஞ்சம் மட்டும் வேண்டும் என்கிற ஏழைக்கு அரசாங்கத்தின் கடையில் இடமில்லை.

பணம் உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. ஓட்டல் பார் இருக்கிறது, எஃப்.எல்.2 உரிமத்தில் மனமகிழ் மன்றங்கள் இருக்கின்றன. அங்கே ஏ.சி., சோபா, பீங்கான் தட்டு. பெக் கணக்கில் ஊற்றிக் கொடுப்பார்கள். கழிப்பறையில் கண்ணாடி உண்டு. பார் கலாச்சாரம் சீரழிக்கிறது என்று பேசுபவர்கள் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. நம் ஊரில் கௌரவமாகக் குடிப்பதற்கு நுழைவுக் கட்டணம் இருக்கிறது, அதைக் கட்டியவரைக் குடிகாரன் என்று யாரும் சொல்வதில்லை.

நான் சொல்ல வருவது, பார்களையும் அரசாங்கமே நடத்தட்டும் என்பது. கேட்டவுடன் முகம் சுளிப்பீர்கள். 'இனி அரசே ஊற்றிக் கொடுக்கப் போகிறதா' என்று தலைப்பு போடுவார்கள். பாட்டிலை நீட்டுவதை விட ஊற்றிக் கொடுப்பது எந்த விதத்தில் கேவலம் என்று எனக்குப் புரியவில்லை. இது ஏற்கெனவே நடந்த விஷயம்தான். முதல் உலகப் போர் நடந்த 1916-ல், இங்கிலாந்தின் வடக்கு எல்லையில் கார்லைல் என்ற சின்ன நகரத்துக்கு, பக்கத்துக் கிரெட்னா வெடிமருந்துத் தொழிற்சாலைக்கென்று ஏராளமான தொழிலாளர்கள் வந்து குவிந்தார்கள். கையில் காசு, சாயங்காலம் ஆனால் ரகளை. அரசாங்கம் அந்த வட்டாரத்து மது ஆலைகளையும் குடிக்கடைகளையும் விலை கொடுத்து வாங்கித் தானே நடத்தியது. நிறையக் கடைகளை மூடியது. விளம்பரப் பலகைகளை எடுத்தது. மிஞ்சியவற்றில் வெளிச்சமும் மேஜையும் சூடான சாப்பாடும் வந்தன. நிர்வாகிக்கு மாதச் சம்பளம். சாராயம் அதிகம் விற்றால் அவருக்கு ஒரு பைசா கூடுதல் கிடையாது, சாப்பாடு விற்றால் உண்டு. போர் முடிந்தும் அந்த ஏற்பாடு 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. கார்லைல் எங்கே, தருமபுரி எங்கே என்று கேட்கலாம். அங்கே இருந்ததும் வெளியூர்க் கூலி, சனிக்கிழமைச் சம்பளம், ஒரு சின்ன டவுன்.

இந்த வேலையில் நம்மிடம் பாதி முடிந்துவிட்டது. கடை அரசாங்கத்தின் கையில் இருக்கிறது, ஊழியர்கள் இருக்கிறார்கள். தகரக் கதவுக்கு அந்தப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டால், அளந்து ஊற்றலாம், எண்ணலாம், ஒருவருக்கு இவ்வளவுதான் என்று சொல்லலாம். 21 வயசு ஆகாதவனை வெளியே அனுப்பும் தைரியம் சம்பள ஆளுக்கு வரும், கூலி ஆளுக்கு வராது. டீக்கடை வடைச் சட்டியைச் சோதிப்பது போல எங்கள் சில்லிச் சட்டியையும் சோதிக்கட்டும். சுடுசோறும் ரசமும் வைத்தால் பாதிப் பேர் அதோடு எழுந்துவிடுவார்கள் என்று நான் எழுதியே தருகிறேன். நஷ்டம் வரும் என்பார்கள். வரட்டும், 48,344 கோடியில் அது எந்த மூலைக்கு? லஞ்சம் புகுந்துவிடும் என்பார்கள். புகும். இப்போது மட்டும் அது வெளியிலா நின்றுகொண்டிருக்கிறது? அடுத்த டெண்டர் விடுவதற்குள் இவ்வளவும் நடக்காது என்றால், டெண்டர் படிவத்தில் குறைந்தபட்சம் கழிப்பறை, குடிநீர், விளக்கு, வேலையாட்கள் பதிவேடு ஆகிய நான்கும் இல்லாதவருக்கு உரிமம் கிடையாது என்றாவது போடட்டும். அதிகத் தொகை கேட்டவருக்கு என்ற ஒரே விதிதான் எங்கள் பெஞ்சை இந்த நிலையில் வைத்திருக்கிறது.

இதை எழுதப் போகிறேன் என்று எங்கள் பாருக்கு வழக்கமாக வரும் ஒரு கொத்தனார் அண்ணனிடம் சொன்னேன். நிதானமாகக் கேட்டார். கழிப்பறை என்றதும் தலையாட்டினார். சுடுசோறு என்றதும் 'ரசம் நல்லா இருக்கணும்' என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, 'கவர்மெண்டு பாருன்னா, ஆதார் கேப்பானுங்களா தம்பி?' என்றார்.

'கேட்டா என்னண்ணா?'

'ரேஷன்ல சக்கர வாங்குனாவே எங்கூட்டுக்காரி போனுக்கு மெசேஜ் போயிருது. அத மட்டும் வேண்டாம்னு சேத்து எழுதிரு.'

சேர்த்து எழுதிவிட்டேன்.